குலுக்கினால் கலக்குமா?

சென்ற வாரம் மிக்ஸ்சர் டப்பாவைத் திறக்குமுன் பலமாக ஒரு குலுக்குக் குலுக்கினேன். எல்லாம் சமமாகக் கலந்து வரட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

"ஐயோ, குலுக்காதீர்கள்!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கடலையெல்லாம் மேலே வந்துவிடும்; தூளெல்லாம் அடிக்குப் போய்விடும். கடைசியில் சாப்பிடுகிறவர்களுக்குத் தூள்தான் மிச்சம்!"

திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. குலுக்கினால் கலக்கும் என்று நினைக்கிறோம். சில சமயம் குலுக்கலே பிரித்து வைத்துவிடுகிறது!

இந்தச் சமாசாரம் டப்பாவோடு நின்றால் பாதகமில்லை. நாம் குடியிருக்கும் வீட்டுச் சுவர் வரையில் அல்லவா வருகிறது! சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மாவாக அரைத்து, சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் சூளையில் சுடுகிறார்கள். மாவு சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் சுண்ணாம்பு கூடிவிட்டால், அது ஜோடி கிடைக்காமல் தனியாகத் தங்கிவிடும். அப்படிப்பட்ட சிமெண்டு சோதனைக்குத் தப்பிச் சுவரில் ஏறிவிட்டால், அந்தச் சுண்ணாம்பு சாவகாசமாக ஈரத்தை உறிஞ்சி வீங்கும். அப்புறம் என்ன? விரிசல்தான்!

டன் டன்னாகக் குவியும் மாவை எந்தக் கரண்டியால் கிளறுவது? காற்றுதான் கரண்டி! பிரம்மாண்டமான குதிர் ஒன்றில் மாவைக் கொட்டி, நுண்துளைகள் உள்ள அடித்தளத்தின் வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். மாவு தண்ணீராய் இளகிப் பாலைப் போல் பொங்குகிறது. அடித்தளத்தை நாலு பாகமாக்கி, ஒரு பாகத்துக்கு அதிகக் காற்றும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் முறை வைத்து விடுவதுண்டு. காற்று மிகுந்த இடத்து மாவு லேசாகி மேலே எழும்பும். பக்கத்து மாவு அடியில் புகும்.

ஆனால் காற்று பொல்லாதது. மாவைக் கிளறாமல், எலி வளை தோண்டுவது போல் ஒரு வழி செய்துகொண்டு நழுவிவிடும். உள்ளே நடப்பதை எட்டிப் பார்க்கவும் முடியாது.

இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. ஒவ்வொரு துகளையும் பின்தொடர்ந்து, எது எதன்மேல் மோதியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணத்துக்குக் கணம் கணக்கிடும் முறையைப் பீட்டர் கன்டால், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இருவர் 1979ல் விவரித்தார்கள். 1993ல் ஜப்பானில் யுடாகா ட்சுஜியின் குழுவினர் அதனுடன் காற்றோட்டத்தின் கணக்கையும் சேர்த்தார்கள். நிஜக் குதிரில் துகள்களுக்குக் கணக்கேது? ஆகவே பல துகள்களை ஒரே பெரிய துகளாகப் பாவித்துச் சமாளிப்பதும் உண்டு.

காற்றைக் கூட்டினால் என்ன ஆகும்? முறையை மாற்றினால்? தப்புகளையெல்லாம் திரையிலேயே செய்து பார்த்துவிடலாம். ஒரு பிடி மாவும் வீணாகாது.

அதற்காகத் திரையை மட்டும் நம்பலாமா? துகளின் ஒட்டும் தன்மையைத் தப்பாகச் சொல்லிவிட்டால், கம்ப்யூட்டரின் பதிலும் தப்பாகத்தான் வரும். குதிரிலிருந்து மாவை எடுத்துச் சோதித்து, ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். அளந்து உப்புப் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறீர்களே, அதே நியாயந்தான்!

நான் இப்போது டப்பாவைக் குலுக்குவதில்லை. கரண்டியை அடி வரைக்கும் விட்டு, ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கிறேன். கடைசி ஆளுக்கும் கடலை கிடைக்கிறது!