36 மாத அனுபவம் விற்பனைக்கு!

செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு என்று ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு வந்திருக்கிறேன். சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என்னோடு செஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் நண்பன் ஒருவன் (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்) போன வருடம் ஒரு பயிற்சி மையத்தில் 22 ஆயிரம் ரூபாய் கட்டினான். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணம். எதற்கு? பி.எம்.பி. எனப்படும் ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழ் தேர்வுக்கு. "படிப்பு முடிக்கும்போதே கையில் பி.எம்.பி., நேரா மேனேஜர் வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள். இவனும் நம்பிவிட்டான்.

இந்த இடத்திலேயே வண்டி தடம் புரண்டுவிட்டது. ஏனென்று பார்ப்போம்.

பி.எம்.பி. சான்றிதழைத் தருவது அமெரிக்காவில் இருக்கும் பி.எம்.ஐ. என்ற அமைப்பு. 1969-ல் தொடங்கியது, 1984-லிருந்து இந்தச் சான்றிதழ் இருக்கிறது. நாலு வருடப் பட்டம் பெற்றவர் இதை எழுத வேண்டுமென்றால் பொதுவாக 36 மாதம் ப்ராஜெக்ட்களை முன்னின்று நடத்திய அனுபவம் வேண்டும். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. அனுபவம் என்றால் தொழில்முறை அனுபவம். ஃபைனல் இயரில் நாலு பேர் சேர்ந்து போடும் ப்ராஜெக்ட்டெல்லாம் கணக்கில் வராது. ஆக, அந்த அனுபவம் இல்லாத கல்லூரி மாணவன் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இது எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைத்த விதி. பயிற்சி மையத்துக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரியும். அதனால்தான் வகுப்பு முடிந்ததும் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, "சொந்தத்துல யாராவது கான்ட்ராக்ட் எடுக்கிறவங்க இருக்காங்களா தம்பி? மூணு வருஷம் அவங்ககிட்ட வேலை பார்த்ததா ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடு. மத்ததை நாங்க எழுதிக்கிறோம்" என்றார்கள்.

அவன் அப்பாவே கொத்தனார் மேஸ்திரிதான். செஞ்சியைச் சுற்றி முப்பது வருடமாக வீடு கட்டிக் கொண்டிருக்கிறார். இவன் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி: "மூணு வருஷம் நீ எங்கடா சைட்டுக்கு வந்த? மத்தியானம் சோறு தூக்கிட்டுத்தான வந்த?" கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

பணம் திரும்பி வரவில்லை. கம்மலும்தான்.

இப்போது நம் வகுப்பிலேயே சிலர் "அந்த அப்பா பிழைக்கத் தெரியாதவர்" என்று பேசிக் கொண்டிருப்பதைக் கேட்டேன். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் சொல்லும் மூன்று வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதல் வாதம்: "எல்லாரும்தான் பண்றாங்க." சரி. அந்தத் தேர்வு எழுதுகிறவர் ஏற்க வேண்டிய நெறிமுறை ஒன்று இருக்கிறது. அதில் நாலு மதிப்புகள்: பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை. நேர்மையாக நடப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் விண்ணப்பத்திலேயே பொய் அனுபவம் எழுதுவதை என்னவென்று சொல்வது? நீச்சல் சான்றிதழுக்குப் பொய் சொன்னால் குளத்தில் இறங்குகிற வரைக்குமாவது தாங்கும். இது எழுதும்போதே பொய்த்துப் போகிறது.

இரண்டாவது வாதம்: "எங்க கண்டுபிடிக்கப் போறாங்க?" விண்ணப்பங்களில் சிலவற்றைத் தோராயமாக எடுத்துத் தணிக்கை செய்கிறார்கள். பட்டத்தின் நகல், பயிற்சிக்கான ஆதாரம், அனுபவத்தை உறுதி செய்து மேலதிகாரி போடும் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். அதில் தேறினால்தான் தேர்வு. தப்பித்தே விட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கேள்விகள் உங்களைப் பிடித்துவிடும். 2021 ஜனவரியில் மாற்றியமைத்த தேர்வில் 180 கேள்விகள், 230 நிமிடம். அதில் பாதிக்குப் பாதி அஜைல், ஹைபிரிட் முறைகள். மனிதர்களைக் கையாளும் பகுதிக்கு மட்டும் 42 சதவீதம் ஒதுக்கினார்கள். "டீமில் இரண்டு பேருக்குள் சண்டை, வாடிக்கையாளர் நடுவில் புது வேலை கேட்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்?" என்கிற வகைக் கேள்விகள். நாலு விடையும் சரி மாதிரியே இருக்கும். யாரையும் வைத்து வேலை வாங்கிப் பழகாதவன் இதை எதை வைத்து யோசிப்பான்?

மனப்பாடம் செய்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல். அவர்களுடைய பிம்பாக் என்ற வழிகாட்டி நூலின் ஆறாம் பதிப்பில் (2017) 49 செயல்முறைகள் இருந்தன. எத்தனையோ பேர் அதை அட்டவணை போட்டு உருப்போட்டார்கள். 2021-ல் வந்த ஏழாம் பதிப்பு அந்த அமைப்பையே ஓரங்கட்டிவிட்டு 12 கோட்பாடுகள், 8 களங்கள் என்று வந்து நின்றது. உருப்போட்டவர் கையில் என்ன மிச்சம்? புரிந்து படித்தவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது: "சான்றிதழ் இல்லன்னா நம்ம ஊர்ப் பசங்க ரெஸ்யூமை எவன் பார்க்கிறான்?" இதில் வலி இருக்கிறது, மறுக்க மாட்டேன். சென்னையில் பெரிய பெயர் உள்ள கல்லூரியில் படித்தவனுக்குத் திறக்கும் கதவு நமக்குத் திறப்பதில்லை. ஆனால் இந்தப் பொய்யால் அடிபடுவது யார் என்று யோசித்தீர்களா? அந்தப் பெரிய கல்லூரிக்காரன் இல்லை. நம்மைப் போலவே சின்ன ஊரிலிருந்து போய், ஆறேழு வருடம் ராப்பகலாக உழைத்து, நிஜமான அனுபவத்தோடு இந்தத் தேர்வை எழுதுகிற அக்காக்களும் அண்ணன்களும்தான். பொய்ச் சான்றிதழ் பெருகினால் அவர்கள் கையில் இருக்கும் நிஜமும் மதிப்பிழக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோஷ்டி இருக்கிறது. "எங்க ஊர் ராஜகிரிக் கோட்டையைக் கட்டினவன் பி.எம்.பி.யா படிச்சான்? எல்லாம் வெள்ளைக்காரன் பித்தலாட்டம்" என்று மீசையை முறுக்குவார்கள். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் கோட்டை சேர்ந்ததிலிருந்து இந்தப் பேச்சு கொஞ்சம் கூடிவிட்டது :-) எனக்கும் கோட்டை மீது பெருமைதான். ஆனால் அதே கோட்டை வேறு ஒரு பாடமும் சொல்கிறது. ராஜாராமைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. கோட்டை கிடைத்தது, ராஜாராம் கிடைக்கவில்லை. அவர் அதற்கு முன்பே தப்பிவிட்டார். கெடு தாண்டி, செலவு தாண்டி, கடைசியில் எதற்காகத் தொடங்கினோமோ அதுவும் நடக்கவில்லை. வேலை முடிவது வேறு, நோக்கம் நிறைவேறுவது வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

படிப்பிலும் சரக்கு இருக்கிறது. நண்பனின் குறிப்பேட்டை வாங்கிப் படித்தேன். ஒரு வீடு 12 லட்ச ரூபாய் பட்ஜெட் என்று வையுங்கள். இன்றைய தேதிக்கு 6 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். 4 லட்சத்துக்கான வேலைதான் முடிந்திருக்கிறது. செலவோ 5 லட்சம். 4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் 12-ஐ 0.8-ஆல் வகுக்க, வீடு முடியும்போது 15 லட்சம். நம் வீடுகளில் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின மாதம் வட்டிக்கு ஓடுகிறோமே, அந்த 3 லட்சத்தைப் பாதி வழியிலேயே பார்த்துவிடலாம். மேஸ்திரியிடம் இதைக் காட்டினோம். "நான் இதை மனசுல போடுவேன். பேப்பர்ல போட்டா வீட்டுக்காரர் நம்புவார்" என்றார்.

சரி, நாம் என்னதான் செய்வது? அதே அமைப்பு சி.ஏ.பி.எம். என்று இன்னொரு தேர்வு நடத்துகிறது. பள்ளிப் படிப்பு முடித்து 23 மணி நேரப் பயிற்சி பெற்றிருந்தால் போதும், அனுபவம் கேட்பதில்லை. மாணவர்களுக்கானது அதுதான். பின்னாளில் பி.எம்.பி. எழுதும்போது 35 மணி நேரப் பயிற்சிக்குப் பதிலாக இதையே காட்டலாம். இதைச் சொல்லியிருந்தால் பயிற்சி மையத்துக்கு என்ன குறைந்திருக்கும்?

யாராவது "மாணவர்களுக்கு பி.எம்.பி." என்று வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "36 மாத அனுபவத்துக்கு என்ன செய்யணும்?" பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் நண்பன் இப்போது சனி, ஞாயிறுகளில் அப்பாவோடு சைட்டுக்குப் போகிறான். சிமெண்ட் எத்தனை மூட்டை வந்தது, எந்த வேலை எத்தனை நாள் தள்ளிப் போனது, ஏன் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுகிறான். அதுவும் 36 மாதக் கணக்கில் வராது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அதில் இருப்பதெல்லாம் நடந்தது.

டிஸ்கி: ஒழுங்காகப் பாடம் நடத்தி, விதியை முதல் நாளே சொல்லிவிடும் பயிற்சி மையங்களும் உண்டு. அவர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம் :-)