'நிலம்' என்ற ஒரு சொல்

தமிழில் நிலம் என்பது பொதுச்சொல். நன்செய், புன்செய் இரண்டையும் குறிக்கும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் அதற்கு நெல்வயல் என்றே பொருள். வீடு கட்டத்தக்க மேட்டு மனை 'புரயிடம்' எனப்படும். மொழியியல் பயின்றவனுக்கு இது சுவையான பொருள் வேறுபாடு. திருவனந்தபுரத்தின் புறத்தே ஐந்து சென்ட் மட்டுமே உடைய குடும்பத்துக்கோ இது வீடு உண்டா இல்லையா என்ற வினா.

நெல்வயலை நிரப்புவதை 2008ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வேறிடம் இல்லாதவர் தம் குடியிருப்புக்காக ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை அனுமதி கோரலாம். எவை வயல்கள் என்பதை, வேளாண் அலுவலரும் கிராம அலுவலரும் அடங்கிய உள்ளூர்க் குழு தயாரிக்கும் 'தரவு வங்கி' வரையறுக்கிறது. அதில் இடம்பெறாத 'நிலத்தை' வேறு பயனுக்கு மாற்ற 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி திறந்தது.

ஆகவே பட்டியலின் பிழை இருபுறமும் வெட்டும். என்றோ தென்னந்தோப்பாகிவிட்ட மனை வயலெனப் பதிவானால், எளியவர் அலுவலகப் படிகளில் அலைகிறார். மெய்யான வயல் விடுபட்டாலோ, சட்டத்தின் துணையோடே அது மறைகிறது. முன்னதைத் திருத்தலாம், மண்ணிட்டு மூடிய வயலை மீட்பது அரிது. வெள்ளாயணி ஏரியை அடுத்த புஞ்சக்கரி வயல்களை மழைக்காலத்தில் கண்டவர்க்கு அந்த இழப்பின் அளவு விளங்கும். மழைநீர் தங்கும் இடம் அதுவே.

எனவே சட்டத்தைத் தளர்த்துவது தீர்வாகாது. குழு ஒவ்வொரு சர்வே எண்ணையும் நேரில், அதுவும் மழைக்காலத்தில், பார்த்துப் பட்டியலைத் திருத்த வேண்டும். சிறுமனை விண்ணப்பங்களுக்குக் காலவரம்புக்குள் விடை தரவேண்டும். அகராதிப் பிழை அடுத்த பதிப்பு வரை காத்திருக்கலாம். இந்தப் பிழை காத்திருக்கலாகாது.