சாலைக்கு விட வேண்டிய இடம்

தோட்டத்தை விட்டு வந்து தாமானில் வீடு வாங்கும் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம் முன்வாசலை நீட்டுவதுதான். லயத்தில் இருந்தபோது வீட்டு முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்கி, விறகும் சைக்கிளும் வைத்துக்கொண்டோம், யாரும் கேட்கவில்லை. அதே பழக்கத்தில் இங்கும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தூண் எழுப்பிக் கூரை போட்டுவிடுகிறோம். சிலர் ஒரு சிறு கடையும் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் வருகிறது நோட்டீஸ். கட்டடம் சாலைக்கு மிக அருகில் இருக்கிறதாம், இடிக்க வேண்டுமாம்.

நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வாத்தியாரிடம் வருவார்கள். "சார், மலாயில ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்க. நாங்க ஏழைப்பட்டவங்க, பெரிய மனசு பண்ணுங்கன்னு போடுங்க." ஏழ்மை உண்மைதான். ஆனால் அது ஒன்றை மட்டும் சொல்லும் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

முதலில், அந்த இடத்தை ஏன் விடச் சொல்கிறார்கள்? நம் பழைய பெருஞ்சாலைகளுக்கு ஒதுக்கிய அகலம் பொதுவாக 66 அடி. நில அளவையாளரின் சங்கிலி ஒன்றின் நீளம் அது. தார் போட்டது அதில் ஒரு பகுதிதான். மற்றது புல்லாய்க் கிடக்கும். சும்மா கிடக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். தண்ணீர்க் குழாய் போவதும், மின்கம்பம் நிற்பதும், கால்வாய் வெட்டுவதும் அங்கேதான். சாலையை அகலமாக்கும்போது முதலில் எடுப்பதும் அந்தப் புல்லைத்தான். ஸ்கூடாய், கூலாய் பக்கம் சாலை என்னவாயிற்று என்பதைக் கண்ணால் பார்க்கிறோமே!

வழக்கமும் நேற்று வந்ததல்ல. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, கடைவீடுகளின் முன்னால் எந்நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்றார். நாம் அஞ்சடி என்கிறோமே, அதுதான். கடைக்காரர்கள் அதில் சாமான்களை அடுக்கி வழியை அடைத்தார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அவற்றை அகற்றப் போக, கலகமே மூண்டது. அஞ்சடியில் இன்றும் சாமான் அடுக்கத்தான் செய்கிறார்கள், அது வேறு கதை.

மனு எழுதுமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நீங்கள் நீட்டிய பகுதி உங்கள் கிராண்டுக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? எல்லைக் கல்லைத் தேடி, நாடா பிடித்து அளந்து பாருங்கள். பலர் எல்லைக் கல்லின் மேலேயே சிமெண்டு பூசிவிடுகிறார்கள்!

வெளியே போயிருந்தால் அது அரசாங்க நிலம். அங்கே நகராண்மைக் கழகம் மனமிரங்கினாலும் பயனில்லை. நில அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். கிடைத்தாலும் கிடைப்பது டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31இல் முடிந்துவிடும். மற்றவருக்கு மாற்ற முடியாது. உரிமக்காரர் கண்ணை மூடினால் அதுவும் முடிந்தது. "அப்பா காலத்துலேருந்து டி.ஓ.எல். கட்டுறோம், இது நம்ம நிலம்" என்று நம்பிக் கல் வீடு கட்டியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கிராண்டுக்குள் இருந்தால் வழி உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதியும், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி பிளான் அங்கீகாரமும் கேட்க வேண்டும். அந்த மனுவோடுதான் விதியிலிருந்து தளர்வும் கேட்பது. மலாயில் கெலோங்காரான் என்பார்கள்.

தளர்வு கேட்பதற்கு முறை என்ன என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். 1916இல் நியூயார்க் நகரம் கட்டட வட்டார விதிகளைக் கொண்டுவந்தபோதே, விதிவிலக்குக் கேட்போருக்கென ஒரு மன்றமும் அமைத்தது. நடைமுறைச் சிரமமோ தேவையற்ற இன்னலோ உண்டு என்று காட்ட வேண்டும். அந்த இன்னல் நிலத்தில் இருக்க வேண்டும், பணப்பையில் அல்ல. நிலம் கோணலாக இருப்பது, பின்னால் மேடோ பள்ளமோ இருப்பது போன்றவை. நம் சட்டத்தில் இதே சொற்கள் இல்லை. ஆயினும் மனுவைப் படிப்பவர் தேடுவது இதைத்தான்.

என்னிடம் வந்த ஒருவர் தம் வறுமையை ஒரு மணி நேரம் சொன்னார். பிளானை விரித்த பிறகுதான் தெரிந்தது, மூலை மனையில் அவருடைய நிலம் முக்கோணம். பின்னால் பெரிய கால்வாய். அடுப்படி போட அங்கே இடமே இல்லை. அவர் மனைவி சொன்னார்: "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்." அலுவலகத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? புதுக் கடிதத்தில் முதல் வரியே அதுதான்.

காரணம் இல்லாமல் கொடுத்த சலுகை நிற்குமா? தமிழ்நாட்டில் கேளுங்கள். அங்குள்ள 1971ஆம் ஆண்டுத் திட்டச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரத்தால் 1987-88இல் பிறப்பித்த 62 ஆணைகளை ஒரு நுகர்வோர் அமைப்பு எதிர்த்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. ஆனால் காரணம் காட்டாத அந்த 62 ஆணைகளையும் ரத்துச் செய்தது. சென்னைக்குப் போனால் நாம் சேலை எடுக்கும் ரங்கநாதன் தெரு இருக்கிறதே, அங்கே ஒரு பெரிய கடையில் 2008 செப்டம்பரில் தீப்பிடித்து ஊழியர்கள் மாண்டார்கள். 2011 அக்டோபர் கடைசியில் விதிமீறிய கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்தத் தெருவில் இரண்டு பேர் உரசாமல் நடக்க முடியாது. தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்?

ஆகவே நம் மனுவில், வண்டியும் ஆளும் போக எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதையும் அடிக்கணக்கில் எழுதுங்கள். பதிவு பெற்ற வரைவாளரைக் கொண்டு பிளான் போடுங்கள். செலவுதான், இடிப்புக் கூலியைவிடக் குறைவு. இரு பக்கத்து வீட்டாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பல மன்றங்கள் கேட்பதுண்டு. அவர்கள் சீனராயிருந்தால் என்ன, மலாய்க்காரராயிருந்தால் என்ன, கேட்டால் போடத்தான் செய்வார்கள்.

திட்ட அனுமதியை மறுத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். இது மனுச் செய்தவருக்கு உள்ள உரிமை. கேட்காமலே கட்டிவிட்டவருக்கு அந்தச் சட்டத்தில் இருப்பது 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது சிறை, அல்லது இரண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் அலமாரியில் போட்டுவிடாமல், கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள்.