விதை விழும்வரை கத்தி வேண்டாம்

ஓணம் முடிந்த கையோடு கொச்சி மட்டாஞ்சேரி முற்றங்களில் புல்வெட்டி இயந்திரங்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. அக்டோபரில் சுற்றுலாப் பருவம். அதற்குள் வளாகம் துப்புரவாக இருக்க வேண்டும் என்று ஹோம்ஸ்டே உரிமையாளர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் தும்பை விதை முற்றுவதும் அதே வாரங்களில்தான். ஓணத்து அத்தப்பூக்களத்துக்குத் தும்பை கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் வருந்தும் ஊரில், அதை விதைக்கு முன் சாய்க்க விடலாமா?

தும்பையைக் குனிந்து பாருங்கள். உச்சி வட்டத்தில் வெள்ளைப்பூ இருக்கும்போதே அடி வட்டத்துப் புல்லிகள் வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கும். ஒவ்வொரு புல்லிக்குள்ளும் அதிகம் போனால் நான்கு விதைகள். தண்டைச் சாய்த்துத் தட்டினால் உள்ளங்கையில் பழுப்பாக உதிரும்; உதிராவிட்டால் காத்திருங்கள். ஐப்பசியின் துலாமழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வருவதால், காலையில் ஈரம் காய்ந்ததும் சேகரிப்பதே நல்லது. காகித உறையில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். நம் கடற்காற்றின் ஈரத்துக்குப் பாலித்தீன் பை பூஞ்சையைத்தான் வளர்க்கும். மே கடைசியில் மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மீதியை இடவப்பாதிப் பருவமழை பார்த்துக்கொள்ளும்.

கிலுகிலுப்பையை இன்னும் நீண்டநாள் விட்டுவைக்க வேண்டும். காய் கறுத்து, இலை வாடி, செடி செத்துவிட்டது என்று பிடுங்கப் போகும் வேளையில்தான் ப்ளூ டைகர் வண்ணத்துப்பூச்சிகள் வந்து மொய்க்கின்றன. வாடிய இலையையும் தண்டையும் கால்களால் சுரண்டி, கசியும் ஆல்கலாய்டை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண் பூச்சிகள். இணையை ஈர்க்கும் மணப்பொருளை அதிலிருந்தே ஆக்கிக்கொள்கின்றன. பூத்திருந்தபோது இல்லாத கூட்டம் அது.

மேந்தோன்னி என்று இங்கே சொல்லும் செங்காந்தளுக்கு வேறு கணக்கு. கொடி பச்சையாக இருக்கும்வரை அடுத்த ஆண்டுக்கான கிழங்குக்கு உணவு போய்க்கொண்டிருக்கும். தானாக மஞ்சளித்துக் காய்ந்த பிறகே அறுங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் மட்டாஞ்சேரி மணலில் உறங்கும் கிழங்கு அழுகிவிடும், தொட்டியில் வளர்த்து, கொடி காய்ந்தபின் தொட்டியைச் சாய்த்து வைப்பதே பாதுகாப்பு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

டச்சு ஆளுநர் வான் ரீட் கொச்சியில் இட்டி அச்சுதன் வைத்தியரின் அறிவைத் துணைகொண்டு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலில் தும்பையும் மேந்தோன்னியும் உண்டு. அதன் ஓவியர்கள் பூவோடு நிற்காமல் காயையும் விதையையும் சேர்த்தே பல செடிகளை வரைந்தார்கள். செடியை முழுவதும் பார்த்த அந்தக் கண் இவ்வூருக்குப் புதிதல்ல.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. தரையில் படர்ந்து பரவும் அயல்செடியான வெடேலியாவை வேரோடு அகற்றுங்கள். வெட்டிப்போட்ட துண்டும் ஈரமண்ணில் வேர்விடும். உரிமையாளர் முகம் சுளித்தால் நடைபாதை ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சீராக வெட்டிக் கொடுங்கள். உள்ளே நிற்கும் காய்ந்த செடிகள் அக்கறையோடு விட்டுவைத்தவை என்பது பார்ப்பவருக்குப் புரியும். அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நாட்டுப்பூச்செடிகள் உள்ள பாத்திகளில் டிசம்பர் முடியும்வரை புல்வெட்டி இறங்காது.