பனிக்கடலின் பச்சை வயல்

கடல் என்றதும் நமக்கு மீன் ஞாபகம் வருகிறது. அந்த மீனுக்குச் சோறு போடுவது யார்? கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள்தாம். வெயிலையும் நீரில் கரைந்த உரத்தையும் கொண்டு அவை வளர்கின்றன. அவற்றை இறால் இனத்துச் சிற்றுயிர்களும், அச்சிற்றுயிர்களைத் துருவக் காட் மீனும், மீனைச் சீலும், சீலைப் பனிக்கரடியும் தின்கின்றன.

வடதுருவக் கடலைப் பனி மூடியிருக்கும்வரை கீழே ஒன்றும் விளையாது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2011 ஜூலையில் 'ஹீலி' என்ற அமெரிக்கக் கப்பலில் சுக்சிக் கடலுக்குச் சென்ற விஞ்ஞானிகள், ஏறக்குறைய ஒரு மீட்டர் தடித்த பனிக்கு அடியில் நீர் பச்சைப்பசேலென்று இருப்பதைக் கண்டு திகைத்துப் போனார்கள். பனி மெலிந்து, மேலே உருகிய நீர் குட்டை குட்டையாகத் தேங்கி, கண்ணாடி போல வெளிச்சத்தை உள்ளே விட்டிருந்தது!

உலகக் கடல்நீரில் சுமார் 1 விழுக்காடே கொண்ட இக்கடலில், உலக ஆற்றுநீரில் 10 விழுக்காட்டுக்கு மேல் வந்து விழுகிறது. ஓப், யெனிசேய், லேனா, மெக்கன்சி ஆகியவை பெரிய ஆறுகள். வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் ஆற்று முகத்தில்தானே ஐயா அதிகம் விளையும்?" என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. உரம் வருவது உண்மை. கூடவே சேறும் வருகிறது. நீர் சாயத் தேநீர் நிறத்தில் இருக்கும். வெளிச்சம் எப்படி இறங்கும்? சேறு படிந்த பிறகு, சற்றுத் தள்ளித்தான் பச்சை பிடிக்கும். மேலும், நன்னீர் இலேசானது. உப்புநீரின் மேல் மூடிபோல் படர்ந்து, அடியிலுள்ள உரத்தை மேலே வரவிடாது. கொடுப்பதும் ஆறுதான், தடுப்பதும் ஆறுதான்.

1998 முதல் 2018 வரை இக்கடலின் விளைச்சல் 57 விழுக்காடு கூடியதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இதைக் கேட்டு மகிழத் தோன்றவில்லை. பனி முன்கூட்டியே உருகினால் பச்சையும் முன்கூட்டியே பூக்கிறது. ஆழத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் சிற்றுயிர்கள் ஏறிவருவதற்குள் பந்தி முடிந்துவிடலாம். மிஞ்சியது அடியில் இறங்கிச் சிப்பிகளுக்கு இரையாகும். அந்தச் சிப்பிகளைத் தின்னும் வால்ரஸ்களுக்கோ, மூழ்கி எழுந்து இளைப்பாறப் பனிப்பாளம் வேண்டும். 2014 செப்டம்பரில் அது கிடைக்காமல் சுமார் 35,000 வால்ரஸ்கள் அலாஸ்காவின் பாயிண்ட் லே கரையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.