சகேயுவின் கணக்கு

தேவபக்தி என்றால் ஞாயிறுதோறும் ஆலயம் போவது என்றே கிறிஸ்தவ நண்பர்கள் பலர் எண்ணுகின்றனர். லூக்கா சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு வேறு விதம்.

எரிகோ நகரில் வரி தண்டும் ஆயக்காரருக்குத் தலைவன் அவன், செல்வன். குள்ளனாதலால் காட்டத்தி மரமேறி இயேசுவைப் பார்த்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது, இறங்கிய பின் அவன் போட்ட கணக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு. தானே அறிக்கையிடுபவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதே மோசேயின் சட்டம் (எண்ணாகமம் 5). கணித மாணவனாதலால் போட்டுப் பார்த்தேன். ஆஸ்தியில் எட்டில் ஒரு பங்கு ஏமாற்றிச் சேர்த்ததாயிருந்தால், அவனுக்கு மிச்சம் பூஜ்யம்!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு சான்றிதழுக்காக என் தந்தை ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தார். நாளை அத்தகைய நாற்காலி எனக்கும் கிடைக்கலாம். ‘சம்பளம் போக மேல்வரும்படி எவ்வளவு?’ என்று பெண் வீட்டாரே கேட்கும் ஊர் இது. வாங்கியதில் ஒரு பகுதியைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்போரும் உண்டு. நான் ஒப்பமாட்டேன். காணிக்கை ஆலயத்துக்குப் போய்ச் சேரும். என் தந்தையின் கூலி அவரிடம் வராது.