பாம்புக்கு மந்திரம் தெரியுமா?

நமது நாட்டில் பாம்பைக் கும்பிடுகிறவர்களுக்கும் குறைவில்லை. பாம்பு கடித்துச் சாகிறவர்களுக்கும் குறைவில்லை. நாகபஞ்சமி என்றும், புற்றுக்குப் பால் வார்ப்பதென்றும், முட்டை வைப்பதென்றும் வருஷந்தோறும் நடந்துகொண்டுதான் வருகிறது. அப்படியிருந்தும், 2000 முதல் 2019 வரையுள்ள 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. வார்த்த பாலுக்குக் கிடைத்த பலன் இதுதானா என்று கேட்கிறோம்.

மாண்டவர்கள் யார்? மாடி வீட்டில் மெத்தையில் படுப்பவர்களா? வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவனும், களையெடுக்கிறவளும், தரையில் பாய் விரித்துத் தூங்குகிற குழந்தையுமே பெரும்பாலும் மாண்டவர்கள். பண்ணையாரைப் பாம்பு தீண்டினால் மோட்டார் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அவருடைய பண்ணையாளைத் தீண்டினால் மாத்திரம் முதலில் மந்திரவாதி, பிறகு வேப்பிலை, பிறகு கோவில், கடைசியில்தான் ஆஸ்பத்திரி. பணக்காரனுக்கு மருந்து, ஏழைக்கு மந்திரமா?

"எங்கள் ஊர் மந்திரவாதி எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாரே!" என்று சிலர் சொல்லுவார்கள். மெய்தான், பிழைத்திருப்பார்கள். ஏனென்றால், நம் நாட்டுப் பாம்பு வகைகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. சாரையும் நீர்க்கோலியும் கடித்தவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். விஷப்பாம்புங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுங்கடி கடித்துவிட்டுப் போய்விடுகிறது. பிழைத்தவனெல்லாம் மந்திரவாதியின் கணக்கு. செத்தவனெல்லாம் தலைவிதியின் கணக்கு! இப்படிக் கணக்கெழுத அனுமதித்தால் எந்த வியாபாரந்தான் நஷ்டப்படும்?

நிற்க, மந்திரத்தை மாத்திரம் கண்டித்துவிட்டு நம் குற்றத்தை மறைப்பது யோக்கியமாகாது. சில வருஷங்களுக்கு முன் நாம் அறிந்த ஒரு கிராமத்தில், கடலைக்காட்டில் களையெடுத்த ஓர் அம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. உடனே தொடையில் கயிற்றை இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கத்தியால் கீறினார்கள். அதன் பிறகு மந்திரிப்பதில் 3 மணி நேரம் போயிற்று. ஆஸ்பத்திரி சேர்ந்தபோது ஈறிலும் கீறின இடத்திலும் ரத்தம் நிற்கவில்லை. அந்த அம்மாள் மாண்டுபோனாள். மந்திரித்தவன் மந்திரவாதி, ஆனால் கயிறு கட்டிக் கீறியவரோ நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் தோழர்! "இறுக்கிக் கட்டு, கீறி விடு" என்று அந்நாளில் மேடையில் சொன்னவர்களும் நாமேதான். ஆதாரம் கேளாமல் நம்பினால் கயிறும் ஒரு மந்திரந்தான். தப்பென்று தெரிந்ததை மாற்றிக்கொள்ளாவிட்டால் நமக்கும் வைதிகனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே இன்று வைத்திய சாஸ்திரம் சொல்லுவதைக் கேளுங்கள். கயிறு கட்டக்கூடாது, கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகலாம். கீறக்கூடாது, விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாதாகையால் கீறின காயம் நில்லாமல் ஒழுகும். வாயால் உறிஞ்சக்கூடாது, பச்சிலை அரைத்துப் போடக்கூடாது, ஐஸும் வைக்கக்கூடாது. பாம்பை அடிக்க ஓடி இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம்.

செய்ய வேண்டியது கொஞ்சந்தான். கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லி அசையாமல் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசுகளை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுவது போல் ஒரு மூங்கில் பத்தையை வைத்து, கடிபட்ட காலையோ கையையோ ஆடாதபடி துணியால் இறுக்காமல் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். வாந்தி வந்தாலும் மயக்கம் வந்தாலும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள், வண்டி வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்தாவது கொண்டுபோங்கள். முன்பே யாராவது கயிறு கட்டியிருந்தால் அதை வழியில் திடீரென்று அவிழ்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியும் தெரியாது, பல் பதிந்த அடையாளமும் தெரியாது. ஆகையால் தரையில் படுத்தவர் விடியற்காலம் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தூக்க முடியவில்லை என்றால் "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்று விபூதி தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்? ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லையென்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறதென்று அர்த்தம். சோதித்துப் பார்த்து மருந்து கொடுப்பதென்றால் இதுதான். அந்த விஷமுறிவு மருந்தை 1890-களில் ஆல்பர்ட் கால்மெத் என்ற பிரெஞ்சு வைத்தியர் உண்டாக்கினார். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுப்பதே அம்முறை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து நம் நாட்டில் தயாராகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை, தட்சிணையுமில்லை.

இம்மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பிடித்துக் கொடுப்பவர்கள் யாரென்று தெரியுமா? வேதம் ஓதியவர்களல்ல, தீண்டத்தகாதவரைப்போல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட இருளர்கள். சென்னைக்கருகே வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் அவ்விஷத்தில் பெரும்பகுதி போய்க்கொண்டு வந்திருக்கிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. தாழ்ந்தவன் என்று தள்ளியவனுடைய கைத்திறமை உயிரைக் காக்கிறது. உயர்ந்தது என்று கொண்டாடப்பட்ட மந்திரமோ நேரத்தைத் தின்கிறது.

தோழர்களே! விஷம் ராகுகாலம் பார்ப்பதில்லை. மந்திரம் முடியட்டும் என்று காத்திருப்பதுமில்லை. உங்கள் ஊருக்குச் சமீபத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இம்மருந்து இருக்கிறதென்று இன்றே போய் விசாரித்து, டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் எழுதி ஒட்டுங்கள். புற்றுக்கு வார்க்கும் பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள். அந்தக் காசில் காலுக்கு ஒரு செருப்பும், இரவில் நடக்க ஒரு டார்ச் விளக்கும் வாங்குங்கள். பாம்புக்கு மந்திரம் தெரியாது. மனிதனுக்காவது மருந்து தெரியட்டும்.